எடை

புசான் துறைமுகம். நாற்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடித் தரை போட்ட கூண்டுக்குள்
பியோ வொல்சுன் குனிந்தே உட்கார்ந்திருக்கிறாள்.
பதினெட்டு வருடம். கழுத்தில் இரண்டு எலும்பு தேய்ந்தாயிற்று.
கீழே சிவப்பு, நீலம், துருவேறிய பச்சை.
பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று
யாரும் அவளிடம் சொல்வதில்லை.
பாரந்தூக்கியின் திரையில்
எடை மட்டும் தெரியும்.

கோடையில் இரவு பத்தரைக்கு,
குளிரில் பதினொன்றரைக்கு
நியூயார்க் சந்தை கண் விழிக்கும்.
சமையலறை மேசையில்
நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளியபடி
ஆண்டறிக்கை படிப்பாள்.
தலைவரின் கடிதத்தைத் தாண்டிவிடுவாள்,
சிரிக்கிற படங்களையும்.
நேரே கடைசிப் பக்கங்கள், பொடி எழுத்து அடிக்குறிப்புகள்.
சில்லறை முதலீட்டாளரை அந்த ஊரில்
எறும்பு என்றுதான் சொல்கிறார்கள்.
எறும்பு எழுத்தை எறும்புதானே படிக்க வேண்டும்.

லாபம் என்று போட்டிருப்பது
கைக்கு வந்த காசா, வர வேண்டிய பாக்கியா?
விற்காத சரக்கு ஏன் விற்பனையைவிட வேகமாக வளர்கிறது?
வட்டி கட்டுவது சம்பாத்தியமா,
அடுத்த கடனா?
போட்ட பணத்தை லாபமாகத் திரும்பச் சம்பாதிக்கப்
பன்னிரண்டு வருடமென்றால் யோசிப்பாள்.
அறுபது வருடமென்றால்
"அதுவரை நான் இருக்க வேண்டுமே" என்று
கருவாட்டுத் தலையைக் கிண்ணத்தில் எறிவாள்.

கீழே பெட்டிகளுக்குக் கம்பி முறுக்குகிற குக் சாங்ரே
விண்வெளியில் விடுதி கட்டுகிற கம்பெனியில்
ஆறு மாதச் சம்பளத்தைப் போட்டிருக்கிறான்.
"வாங்குங்கள் அக்கா, இன்னும் ஏறும்."
"அடிக்குறிப்பு பார்த்தாயா?"
"படம் பார்த்தேன்."

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
இவள் போடுவது கடலில்,
அதனால் இரண்டு முறை அளந்தாள்.
நெதர்லாந்தில் இயந்திரம், தைவானில் சில்லு,
கலிஃபோர்னியாவில் கைபேசி, ஹாம்பர்க்கில் கப்பல்.
நாலு கொடி, நாலு நாணயம்.
அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

அந்த நவம்பரில்
பாரந்தூக்கி ஒரு பெட்டியைச் சட்டென்று தூக்கியது,
எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக.
திரையில் நாலு டன்.
அதாவது பெட்டி மட்டும்.
அடுத்ததும் நாலு. அதற்கடுத்ததும்.
மூன்று வாரம் காலிப்பெட்டி தூக்கினாள்.
பிறகுதான் செய்தி வந்தது.
நாலு பங்கும் ஒரே நாளில் சரிந்தன.

நாலு நாடு என்று நினைத்தது
ஒரே கயிற்றில் நாலு முடிச்சு.
ஐந்தாவது முடிச்சு
அவள் உட்கார்ந்திருந்த கூண்டு.
மிகைநேரக் கூலி அந்த மாதமே நின்றது.
எந்த அட்டவணையிலும் அவள் எழுதாமல் விட்ட
பெரிய பங்கு, தன் சம்பளம்.

கொரியக் காசுக்குப் பெயர் வான்.
வானும் இடிந்தது அப்போது;
டாலரில் கொஞ்சம் கிடந்ததால்
பாதிதான் தலையில் விழுந்தது.

ஹாம்பர்க்கை நட்டத்துக்கு விற்றாள்.
கப்பல் வந்தாலும் வராவிட்டாலும்
ஜனங்கள் எதற்குக் காசு கொடுப்பார்கள் என்று
ஒரு வாரம் யோசித்து
சிலியில், மலைச்சரிவு ஊர் ஒன்றுக்குக்
குடிநீர் விடுகிற கம்பெனியைப் பிடித்தாள்.
அறிக்கை ஸ்பானிய மொழியில்.
மொழிபெயர்ப்புச் செயலி
குழாய்க்கசிவைக் கண்ணீர் இழப்பு என்றது:
நூற்றுக்கு முப்பத்தொன்று.
ஏன் இவ்வளவு என்று கேட்டு எழுதினாள்.
பதில் வரவில்லை.
நினைத்ததில் பாதிக்குத்தான் வாங்கினாள்.

மார்ச்சில் கப்பல்கள் மறுபடி வரிசைகட்டின.
முதல் பெட்டியில் கூண்டு லேசாக முனகியது.
கம்பியில்லாக் கருவியில் சாங்ரே,
விடுதிப் பங்கு போன கதையை இன்னும் வீட்டில் சொல்லாதவன்,
கேட்கிறான்:
"அக்கா, அதில் என்ன இருக்கும்?"

"இருபத்தாறு டன்" என்கிறாள்.